'நாலு பேர் என்ன நினைப்பாங்க?' - நம்மை ஆட்டி வைக்கும் அந்த நாலு பேர் யார்?

மாலை நேரம். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு பைக் சறுக்கி விழுகிறது. ஓட்டி வந்தவர் தலையில் ரத்தம். சில நொடிகளில் முப்பது பேர் கூடிவிடுகிறார்கள். சிலர் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள். சிலர் "அய்யோ, பாவம்" என்கிறார்கள். ஆனால் 108-க்கு யார் போன் செய்தது என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

இப்படி ஒரு காட்சியை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். "மனுஷத்தன்மையே செத்துப்போச்சு" என்று நமக்குக் கோபம் வரும். ஆனால் அதே முப்பது பேரில் ஒருவர், யாருமே இல்லாத ரோட்டில் தனியாக அந்த விபத்தைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் ஓடிப்போய்த் தூக்கியிருப்பார். அப்படியென்றால் கூட்டத்தில் நிற்கும்போது அவருக்கு என்ன ஆனது?

தனியாக இருக்கும்போது ஒரு மாதிரி, நாலு பேரோடு இருக்கும்போது வேறு மாதிரி. மனிதர்கள் ஏன் இப்படி மாறுகிறார்கள்? சமூக உளவியல் என்ற துறை கிட்டத்தட்ட நூறு வருஷமாக ஆராய்ந்து வரும் கேள்வி இது. அதில் கிடைத்த விடைகள் நம் தெரு, நம் பள்ளிக்கூடம், நம் கல்யாண வீடு, நம் வாட்ஸ்அப் குரூப் என எல்லா இடத்துக்கும் பொருந்துகின்றன. விரிவாகப் பார்க்கலாம்.

கண்ணால் பார்த்ததையே மாற்றிச் சொல்ல வைக்குமா கூட்டம்?

1950-களில் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு சோதனை நடத்தினார். கேட்பதற்கு ரொம்பச் சாதாரணமான சோதனை அது.

ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் வெவ்வேறு நீளத்தில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் அளவுக்குச் சமமான கோடு எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாகச் செய்யச் சொன்னால் யாரும் தப்பே செய்ய மாட்டார்கள் என்று சொல்லலாம். தவறுகள் 100-க்கு ஒன்றுக்கும் குறைவு.

ஆனால் ஆஷ் மாணவர்களைக் குழுவாக உட்கார வைத்தார். அந்தக் குழுவில் ஒரே ஒருவர்தான் உண்மையான பங்கேற்பாளர். மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். குறிப்பிட்ட சுற்றுகளில் அவர்கள் எல்லாரும் ஒரே குரலில் தப்பான விடையைச் சொல்வார்கள். பிறகு இவருடைய முறை வரும்.

நடந்தது என்ன? அந்தச் சுற்றுகளில் சொல்லப்பட்ட விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டத்தோடு சேர்ந்த தப்பான விடைகள். பங்கேற்றவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்துக்கு ஒத்துப்போனார்கள். கோடு கண் முன்னாலேயே இருந்தது. யாரும் மிரட்டவில்லை. பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை.

இதில் இன்னொரு சுவாரசியமான விஷயம் உண்டு. எத்தனை பேர் எதிராகச் சொன்னால் ஒருவர் தடுமாறுவார் என்றும் ஆஷ் பார்த்தார். ஒரே ஒருவர் தப்பாகச் சொன்னால் பெரிய பாதிப்பு இல்லை. இரண்டு பேர் சொன்னால் கொஞ்சம் தடுமாற்றம். மூன்று பேர் சேர்ந்து சொன்னாலே கிட்டத்தட்ட முழு அழுத்தமும் வந்துவிட்டது. அதற்கு மேல் ஆட்களைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நம்ம ஊரில் "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்கிறோமே, அந்தக் கணக்கு ஒன்றும் மிகையில்லை போலிருக்கிறது.

ஏன் ஒத்துப்போகிறோம்?

இதற்கு இரண்டு காரணங்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்கிறார்கள்.

ஒன்று, தகவலுக்காக. தெரியாத ஊரில் சாப்பிடப் போகிறோம். கூட்டம் நிறைய இருக்கும் ஹோட்டலுக்குள் நுழைகிறோம். "இவ்வளவு பேர் வர்றாங்கன்னா நல்லாத்தான் இருக்கும்" என்ற கணக்கு. நமக்குத் தெரியாததை மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறோம். பல நேரம் இது சரியாகவே இருக்கும்.

இரண்டு, ஏற்புக்காக. விடை தப்பு என்று தெரியும், ஆனாலும் தனித்துத் தெரிய விருப்பமில்லை. "இவன் மட்டும் என்ன பெரிய இவனா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ஆஷின் சோதனையில் விடையைச் சத்தமாகச் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுக்கலாம் என்றதும் கூட்டத்தோடு ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. அதாவது பலருடைய கண்கள் ஏமாறவில்லை, வாய்தான் தயங்கியது.

இந்த இயல்பை மொத்தமாகக் குறை சொல்லவும் முடியாது. க்யூவில் நிற்பது, இழவு வீட்டில் சத்தமாகச் சிரிக்காமல் இருப்பது, தாய்மொழியைப் பேசப் பழகுவது எல்லாமே மற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவைதான். சமூகம் என்ற ஒன்று ஓடுவதே இதனால்தான். சிக்கல் எப்போது வருகிறது என்றால், எல்லாரும் ஒரே நேரத்தில் அடுத்தவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது.

புகை வந்தும் எழுந்திருக்காத மனிதர்கள்

1968-ல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே சோதித்தார்கள். மாணவர்களை ஓர் அறையில் உட்கார வைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த ஒரு துவாரம் வழியாக அறைக்குள் புகை வர ஆரம்பிக்கும்.

அறையில் தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்த் தகவல் சொன்னார்கள். ஆனால் கூடவே இரண்டு பேர் (ஆய்வாளர்களின் ஆட்கள்) எதுவும் நடக்காதது மாதிரி எழுதிக்கொண்டே இருந்தபோது, பங்கேற்ற 10 பேரில் ஒருவர் மட்டுமே எழுந்து போனார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கினார்கள், இருமினார்கள், புகையைக் கையால் விலக்கிக்கொண்டே எழுதினார்கள்.

பிறகு கேட்டபோது "நீராவி என்று நினைத்தேன்", "ஏசியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன்" என்பது போன்ற பதில்கள் வந்தன. "மற்றவர்கள் சும்மா இருந்ததால் நானும் சும்மா இருந்தேன்" என்பதை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கூட்டம் நம்மை மாற்றும்போது, மாறுகிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. நாமே யோசித்து எடுத்த முடிவு மாதிரிதான் தோன்றும்.

இதற்கு உளவியலில் 'ப்ளூரலிஸ்டிக் இக்னரன்ஸ்' என்று பெயர். எளிமையாகச் சொன்னால், எல்லாரும் சேர்ந்து போடும் தப்புக் கணக்கு. நான் பயத்தை மறைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறேன். நீங்கள் பயத்தை மறைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறீர்கள். "அவரே சும்மா இருக்காரு, அப்போ ஒண்ணும் இல்ல போல" என்று இரண்டு பேருமே முடிவு செய்துவிடுகிறோம்.

ஆள் கூடக் கூட உதவி குறையுமா?

அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், தனித்தனி அறைகளில் உட்கார்ந்து மைக் வழியாகப் பேசிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவருக்கு திடீரென வலிப்பு வந்தது போலச் சத்தம் கேட்க வைத்தார்கள். தன் காதில் மட்டுமே அது விழுகிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் உடனே உதவிக்கு ஓடினார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் உடனே எழுந்தவர்கள் 31 சதவீதம் பேர்தான்.

எழுந்து போகாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஆய்வாளர் உள்ளே வந்தபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்கள். போகலாமா வேண்டாமா என்று தவித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். "வேறு யாராவது போயிருப்பாங்க" என்ற எண்ணம் அவர்களைக் கட்டிப் போட்டுவிட்டது. பொறுப்பு ஐந்து பேருக்கும் பிரிந்து, ஒவ்வொருவர் பங்குக்கும் கொஞ்சமாகச் சுருங்கிவிட்டது.

இந்த ஆய்வுகளுக்குத் தூண்டுதலாக இருந்தது 1964-ல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண்ணின் கொலை. "38 பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை" என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அது மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னாளில் தெரியவந்தது. பலருக்கு என்ன நடக்கிறது என்றே சரியாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடி வந்து, உயிர் போகும் நேரத்தில் கிட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

அப்போ உண்மை நிலவரம் என்ன? 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்தின் லங்காஸ்டர், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் சிசிடிவி காட்சிகளை எடுத்துக்கொண்டது. மொத்தம் 219 தெருச் சண்டைகள். அவற்றில் பத்தில் ஒன்பது சம்பவங்களில் குறைந்தது ஒருவராவது குறுக்கே புகுந்து தடுக்கவோ சமாதானப்படுத்தவோ முயன்றிருக்கிறார்கள்.

அதாவது கூட்டத்தில் ஒவ்வொருவரின் தயக்கமும் உண்மை. யாராவது ஒருவர் அந்தத் தயக்கத்தை உடைப்பதும் உண்மை.

'மேலிடத்து உத்தரவு' என்றால் எதையும் செய்வோமா?

பக்கத்தில் இருப்பவர்களின் அழுத்தம் ஒரு வகை என்றால், மேலே இருந்து வரும் அழுத்தம் இன்னொரு வகை. 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகள் இதற்குப் பேர்போனவை.

அடுத்த அறையில் இருப்பவர் தப்பான விடை சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்சார ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் ஆரம்பித்து 450 வோல்ட் வரை படிப்படியாக ஏற்ற வேண்டும். உண்மையில் ஷாக் எதுவும் போகாது, அடுத்த அறையில் இருப்பவர் நடிக்கிறார். ஆனால் பட்டனை அழுத்துபவருக்கு அது தெரியாது. "தொடர்ந்து செய்யுங்கள்" என்று ஆய்வாளர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

முதலில் வெளியான சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி வரை, 450 வோல்ட் வரை போனார்கள். வியர்த்துக் கொட்டியது, உதடு துடித்தது, எதிர்த்துக் கேள்வி கேட்டார்கள். ஆனாலும் அழுத்தினார்கள்.

இந்தப் பாதி கதைதான் பலருக்கும் தெரியும். மீதிப் பாதி அதைவிட முக்கியம். மில்கிராம் இன்னொரு சுற்று நடத்தினார். அதில் பங்கேற்பாளரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து உட்காருவார்கள். நடுவில் ஒருவர் "என்னால முடியாது" என்று எழுந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் அடுத்தவரும் விலகிவிடுவார். இதைப் பார்த்த 40 பேரில் கடைசி வரை போனவர்கள் வெறும் 4 பேர்.

26 என்பது 4 ஆனது. சட்டம் மாறவில்லை, உத்தரவு மாறவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மறுத்தார்கள், அவ்வளவுதான்.

ஆஷின் சோதனையிலும் இதேதான். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும், மற்றவர்களோடு ஒத்துப்போவது கிட்டத்தட்ட கால் பங்காகச் சரிந்தது. இன்னும் வேடிக்கை, அந்த ஒருவர் வேறொரு தப்பான விடையைச் சொன்னால்கூட அழுத்தம் பெருமளவு குறைந்தது. "எல்லாரும் ஒரே மாதிரி சொல்லல" என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

'நம்ம ஆளுங்க', 'அவனுங்க' - இந்தக் கோடு எப்படி விழுகிறது?

1954 கோடைக்காலம். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற பூங்கா. துருக்கியில் பிறந்த முசாஃபர் ஷெரிஃப் என்ற ஆய்வாளர், 11 வயதை ஒட்டிய 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்து வந்தார். எல்லாரும் ஒரே மதம், ஒரே நிறம், ஒரே மாதிரி வசதியுள்ள குடும்பங்கள். ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது.

அவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். ஆரம்பத்தில் இன்னொரு குழு இருப்பதே தெரியாது. ஒவ்வொரு குழுவும் தனக்கென்று ஒரு பெயர், ஒரு கொடி வைத்துக்கொண்டது. பிறகு இரண்டு குழுக்களுக்கும் போட்டி வைத்துப் பரிசு அறிவித்ததும் எல்லாம் தலைகீழானது. வசை, கொடி எரிப்பு, எதிர்க் குழுவின் தங்குமிடத்துக்குள் புகுந்து சூறையாடல். சில நாட்களுக்கு முன்பு வரை யாரென்றே தெரியாத பையன்கள்!

நம்ம ஊருக்கு இது தொலைதூரக் கதை இல்லை. தென் மாவட்டங்களில் சில பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கு ஒரு வண்ணத்தில் கையில் கயிறு கட்டி வருவது பல ஆண்டுகளாகவே பேசப்படும் பிரச்சினை. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியது உடன் படித்த மாணவர்கள். இதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் தமிழ்நாடு அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

"ஒரு கயிறு என்ன செஞ்சிடும்?" என்று கேட்பவர்களுக்கு ஷெரிஃபின் முகாம் ஒரு பதில். அங்கே ஒரே மாதிரியான பையன்களுக்குள் பகை மூட்ட ஒரு கொடியும் ஒரு போட்டியும் போதுமாக இருந்தது. இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் சாதி ஏற்றத்தாழ்வு அந்தக் கயிற்றுக்குப் பின்னால் நிற்கிறது. "நம்ம பசங்க எல்லாரும் கட்டியிருக்காங்க, நீ மட்டும் ஏன் கட்டல?" என்ற கேள்வியை ஒரு 14 வயதுப் பையன் தனியாக எதிர்கொள்வது லேசான காரியம் இல்லை.

ஷெரிஃபின் முகாம் சண்டையோடு முடியவில்லை. இரண்டு குழுவையும் சும்மா ஒன்றாகச் சாப்பிட உட்கார வைத்தார், அது சாப்பாட்டை வீசி அடிப்பதில் போய் முடிந்தது. பிறகு இரண்டு பேருக்கும் பொதுவான பிரச்சினைகளைக் கொடுத்தார். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது. சாப்பாடு எடுத்துவர வேண்டிய லாரி நகரவில்லை. கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிற்றை, எல்லாரும் ஒரே பக்கமாக நின்று இழுத்து லாரியை நகர்த்தினார்கள். முகாம் முடிந்து வீடு திரும்பும்போது பெரும்பாலோர் ஒரே பஸ்ஸில் போகலாம் என்றார்கள்.

செல்போனுக்குள் கூடிய கூட்டம்

கூட்டம் என்றால் நேரில் கூட வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. 2018-ல் "குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது" என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் நாடு முழுக்கச் சுற்றியது. அந்த மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வம் கும்பிட வந்த 65 வயதுப் பெண்ணைக் குழந்தை கடத்துபவர் என்று நினைத்து ஒரு கும்பல் அடித்தே கொன்றது. அவர் செய்தது, வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான். அதே ஆண்டு ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் நாடோடி இனத்தைச் சேர்ந்த 5 பேர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார்கள்.

ஒரே மெசேஜ் மூன்று வெவ்வேறு குரூப்பிலிருந்து வந்தால் என்ன நினைப்போம்? "எல்லாரும் சொல்றாங்க, உண்மையாத்தான் இருக்கும்." மூன்று குரூப்புக்கும் அது ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்று தோன்றாது. குரூப்பில் பொய் என்று சந்தேகப்படுகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் "எதுக்கு வம்பு" என்று பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனம் மற்றவர்களுக்குச் சம்மதமாகத் தெரியும். சிசுவின் முகத்தோடு வரும் எச்சரிக்கையை மறுக்கப் போய் "உனக்குக் குழந்தைங்க மேல அக்கறை இல்லையா?" என்று கேட்டுவிட்டால்?

2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு மெசேஜை ஐந்து சாட்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டு வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை ஃபார்வர்ட் ஆன மெசேஜ்களை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று மாற்றியது. அதன் பிறகு இப்படிப்பட்ட மெசேஜ்கள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனம் தெரிவித்தது. மனிதர்கள் அதே மனிதர்கள்தான். கையை ஒரு நொடி நிறுத்தி யோசிக்க வைத்ததில் இவ்வளவு வித்தியாசம்.

மனசுக்குள் ஒன்று, வெளியே ஒன்று

சவுதி அரேபியாவில் நடந்த ஓர் ஆய்வு இந்த மௌனத்தின் விலையைக் காட்டுகிறது. அங்கே பெண்கள் வேலைக்குப் போவதற்கு வீட்டு ஆண்களின் கருத்து பெரிய தடையாக இருந்தது. ரியாத்தில் திருமணமான இளம் ஆண்களிடம் ரகசியமாகக் கேட்டபோது, பெரும்பான்மையானவர்கள் பெண்கள் வெளியே வேலைக்குப் போகலாம் என்றே சொன்னார்கள். ஆனால் "உங்களைப் போன்ற மற்ற ஆண்களில் எத்தனை பேர் இப்படி நினைப்பார்கள்?" என்று கேட்டால், பெரும்பாலோர் உண்மையைவிடக் குறைவாகவே கணித்தார்கள். தான் மட்டும்தான் இப்படி யோசிக்கிறோம் என்று நிறைய பேர் நினைத்திருந்தார்கள்.

உண்மையான எண்ணிக்கையை அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆய்வாளர்கள் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள், மற்றவர்களைவிட அதிக அளவில் தங்கள் மனைவியை வேலைவாய்ப்புச் செயலியில் பதிவு செய்தார்கள். யாரும் அவர்களுக்குப் புதிதாக எதையும் போதிக்கவில்லை. "உங்க பக்கத்துல இருக்கிறவரும் இதையேதான் நினைக்கிறார்" என்று சொன்னார்கள், அவ்வளவே.

இதை வைத்து நம் கல்யாணப் பேச்சுகளை யோசித்துப் பாருங்கள். வரதட்சணை தடைச் சட்டம் வந்தது 1961-ல். அறுபது வருஷம் தாண்டியும் "நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்ற வசனம் மாறவில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒருவருக்கு அதில் விருப்பம் இல்லாமல் இருக்கலாம். பெண் வீட்டார் கடன் வாங்கிச் செய்வது எல்லாருக்கும் தெரிந்தும் இருக்கலாம். ஆனால் "ஒண்ணுமே செய்யலன்னா சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க?" என்று இரண்டு பக்கமும் மூன்றாவதாக யாரையோ கைகாட்டுகிறார்கள். அந்தச் சொந்தக்காரர்களும் இவர்களைத்தான் கைகாட்டுவார்கள்.

'எல்லாரும் தப்பு பண்றாங்க' என்று சொன்னால் திருந்துவார்களா?

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாக மாறிய பழங்கால மரங்கள் உள்ள ஒரு தேசியப் பூங்கா உண்டு. வருகிறவர்கள் துண்டு துண்டாகத் திருடிப் போவார்கள். "இதுவரை வந்த பலர் மரத் துண்டுகளை எடுத்துப் போனதால் பூங்கா பாழாகிறது" என்ற பலகை வைத்துப் பார்த்தார்கள். இன்னொரு சமயம் "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்ற பொருளில் பலகை வைத்தார்கள். முதல் பலகை இருந்தபோது கிட்டத்தட்ட 8 சதவீதத் துண்டுகள் திருடு போயின. இரண்டாவது பலகையில் அது 2 சதவீதத்துக்கும் கீழே.

காரணம் புரிகிறதா? "நிறைய பேர் திருடுகிறார்கள்" என்பது கண்டனம் மாதிரி தெரிந்தாலும், காதில் விழுவது "எல்லாரும் எடுக்கிறாங்க" என்பதுதான். "நம்ம ஊர்ல யாருங்க ஹெல்மெட் போடறாங்க?", "ஓட்டுக்குக் காசு வாங்காதவன் யாரு?" என்று ஆதங்கத்தோடு சொல்லும்போதும் இதே ஆபத்து இருக்கிறது. போடுகிறவர்களையும் வாங்காதவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வுகளை முழுசா நம்பலாமா?

கண்மூடித்தனமாக வேண்டாம். மில்கிராமின் சோதனையில் சிலர் ஷாக் நிஜமில்லை என்று சந்தேகப்பட்டிருக்கலாம் என்ற விமர்சனம் உண்டு. பங்கேற்றவர்களை ஏமாற்றி மன உளைச்சலுக்கு ஆளாக்கியதும் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. 1971-ல் நடந்த புகழ்பெற்ற 'ஸ்டான்ஃபோர்ட் சிறை' சோதனையில், காவலர்களாக நடித்த மாணவர்களுக்குக் கடுமையாக நடந்துகொள்ளச் சொல்லிக் கொடுக்கப்பட்டது பின்னாளில் வெளிவந்தது. அதனால்தான் அதை இங்கே ஆதாரமாக எடுக்கவில்லை.

கோடு சோதனையைப் பொறுத்தவரை, 17 நாடுகளில் நடந்த 133 ஆய்வுகளைத் தொகுத்து 1996-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஒத்துப்போகும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது, குடும்பம், ஊர் என்று கூட்டு வாழ்வுக்கு அதிக மதிப்புக் கொடுக்கும் நாடுகளில் கொஞ்சம் கூடுதல் என்பது அதன் முடிவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "கூட்டத்தோடு கூட்டமாகச் செய்துவிட்டேன்" என்பது குற்றத்துக்கு மன்னிப்பு ஆகாது. மில்கிராமின் முதல் சோதனையிலும் யாரும் துணைக்கு இல்லாமலேயே 14 பேர் பாதியில் எழுந்து போனார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

- விபத்து நடந்த இடத்தில் பொதுவாக "யாராவது போன் பண்ணுங்க" என்று கத்தாதீர்கள். ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள். "நீலச் சட்டை அண்ணா, நீங்க 108-க்கு போன் பண்ணுங்க. அக்கா, நீங்க அந்தப் பக்கம் வண்டிகளை நிறுத்துங்க." பொறுப்பு கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலோர் தட்ட மாட்டார்கள்.

- "போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்க" என்ற பயம் வேண்டாம். உதவி செய்தவரைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ல் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. பெயர், விலாசம் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம்.

- குரூப்பில் சந்தேகமான மெசேஜ் வந்தால் சண்டை போட வேண்டியதில்லை. "இது எங்க நடந்துச்சு, எப்போன்னு தெரியுமா?" என்று ஒரு கேள்வி போதும். உங்களைப் போலவே சந்தேகத்தோடு இருக்கும் இன்னும் பத்து பேருக்கு அது தைரியம் கொடுக்கும்.

- வீட்டிலோ ஆபீஸிலோ முக்கியமான முடிவு என்றால், பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் கருத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரியவர் முதலில் பேசிவிட்டால், மற்றவர்களின் உண்மையான கருத்து வெளியே வராது.

- ஒருவர் தனியாக நின்று சரியானதைச் சொல்லும்போது, பிறகு தனியாகக் கூப்பிட்டு "நல்லா சொன்னீங்க" என்பதைவிட, அங்கேயே "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்று சொல்லுங்கள். இரண்டாவது குரல் கேட்ட பிறகு மூன்றாவது குரல் சுலபமாக வரும்.

"நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று நாம் எல்லாரும் யோசிக்கிறோம். அந்த நாலு பேர் யாரென்று தேடிப் பார்த்தால், அவர்களும் இன்னும் நாலு பேரை நினைத்துத் தயங்கி நிற்பவர்கள்தான். உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த நாலு பேரில் நீங்களும் ஒருவர். அடுத்த முறை ரோட்டோரம் கூட்டம் கூடி நிற்கும்போது, உள்ளே விழுந்து கிடப்பவருக்கு அது நினைவிருக்கிறதோ இல்லையோ, உங்களுக்கு நினைவிருக்கட்டும்.